அம்மாவுக்கு நித்திரை வந்த கதை

பலேர்மோ,
திங்கட்கிழமை

அன்பு மகள் ஜெனுஷாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும்போது நீ தடிமன் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த மொன்றியல் குளிருக்குள்ளும் உடம்பும் மனமும் தெம்பாக இருக்கவேண்டும் என்று மாதாவை மன்றாடிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். இந்தச் சுகம் என்ற சொல்லை இன்றைக்குத்தான் கை கூசாமல் எழுத முடிகிறது. தொலைபேசியில் நீ அம்மாவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே நின்று, "பிள்ளையைப் பயப்பிடுத்தாதேங்கோ" என்று கண்ணால் காட்டுவாள், நானும் வேறு கதைக்கு மாறிவிடுவேன். இப்போது அவளே, "நடந்ததெல்லாத்தையும் எழுதுங்கோ, அவளும் ஒரு பொம்பிளைப் பிள்ளை, தெரிஞ்சிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஆறுதலாக இருந்து வாசி. பயப்பட ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

அம்மா கால்சாப் பகுதியில் சின்யோரா நினெத்தா என்ற கிழவியை வைத்துப் பார்க்கிற வேலையில் இருப்பது உனக்குத் தெரியும். நீ இங்கே படித்துக்கொண்டிருந்த காலத்தில் பகலில் மட்டும் போய் வந்தாள். நீ கனடாவுக்குப் போன பிறகு அந்தக் கிழவிக்கு இடுப்பு எலும்பு உடைந்து, இரவிலும் ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்று வந்தபோது, வேறு ஆளைத் தேடவேண்டாம், நானே நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள். அதற்குப் பிறகு மத்தியானத்தில் கொஞ்ச நேரமும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் வீடு. நான் வுச்சீரியாச் சந்தையில் அந்தச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் கழுவித் துடைத்து முடித்து வரும்போது வீட்டில் வெளிச்சம் இருக்காது. ஒரே ஊரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் புருசன் பெண்சாதியாக இருந்தோம் என்று வைத்துக்கொள். சின்யோரா கெட்ட மனுசி இல்லை. ஆனால் இரவில் விழிப்பு வந்தால் "கிளறா" என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவா. தண்ணீருக்கு ஒரு முறை, கழிவறைக்கு ஒரு முறை, ஆள் பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்க்க இன்னும் சில முறை. அம்மா இத்தனை வருசமும் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள்.

போன வருசக் கடைசியில்தான் எனக்கு முதலில் மனம் உறுத்தியது. கோயிலில் முழங்காலில் இருந்தவள் எழும்ப முடியாமல் முன் வாங்கைப் பிடித்துக்கொண்டாள். பாடகர் குழுவில் அவளுடைய குரல் எப்படி மேலே நிற்கும் என்று உனக்குத் தெரியும், மூச்சுக் காணாது என்று பாடுவதை விட்டுவிட்டாள். வீட்டுப் படியில் பாதி வழியில் நின்று, கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி நிற்பாள், தேடவில்லை, இளைப்பாறுகிறாள் என்று பிறகுதான் விளங்கியது. பேருந்தில் தூங்கி இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் இருந்து திரும்ப நடந்து வந்தாள். ஆனால் கட்டிலில் படுத்தால் நித்திரை வராது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூட வராது. கண்ணை மூடினால் நெஞ்சு படபடவென்று அடிக்குது என்பாள். கேட்டால், "எனக்கு ஒண்டுமில்லை, சும்மா களைப்பு, இந்த வயசிலை எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று சொல்லி இன்னொரு கோப்பி போட்டுக் குடிப்பாள். காலைச் சாப்பாடு என்று ஒன்றும் இல்லை, கோப்பி மட்டும். குடும்ப வைத்தியரிடம் வாரும் என்று எத்தனை தரம் கூப்பிட்டேன், வரவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா, ஸ்டேசனுக்குக் கிட்ட உள்ள ஒரு கடையில், நித்திரைக்கும் பெலத்துக்கும் நல்லது என்று சொல்லித் தந்த ஒரு குளிசைப் போத்தலை வாங்கிக்கொண்டு வந்தேன். மேலே எழுதியிருந்தது முழுக்கச் சீன எழுத்து. நல்ல வேளையாகப் படியில் குகனேஸ்வரி அக்கா என்னைக் கண்டா. கீழ் வீட்டில் இருக்கிறா, யாழ்ப்பாணத்து ஆள், அவவுக்கு ஒற்றைத் தலையிடி இருந்ததும் ஒரு சீனத்து வைத்தியரிடம் ஊசி குத்தி அது குறைந்ததும் பற்றி நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிளறா பிறெசருக்கு வேறை குளிசை போடுறாவெல்லே, இதையும் சேத்துக் குடுத்து என்னவும் வந்தா ஆர் பதில் சொல்லுறது. மனிசியைக் கூட்டிக்கொண்டு டொத்தோரெஸ்ஸா லின்னிட்டைப் போங்கோ" என்று சொல்லி, தனக்கு ஊசி குத்தின அந்தச் சீனத்து லேடி டாக்டரின் இடத்தையும் சொன்னா. போத்தலைக் குப்பையில் போட்டேன். அம்மாவோ அதற்கும் வரமாட்டேன் என்றாள். ஊசி என்றால் பயம் என்று ஒரு சாட்டு, சின்யோராவைத் தனியே விட ஏலாது என்று இன்னொரு சாட்டு.

கடைசியில் அவளைச் சம்மதிக்க வைத்தது பால். சின்யோராவுக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அம்மா குசினிக் கதிரையில் இருந்திருக்கிறாள், இருந்தபடியே கண் செருகிவிட்டது. பால் பொங்கி நெருப்பை அணைத்துப்போட்டது, காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. மணம் பிடித்துக்கொண்டு, தடியை ஊன்றி, நடக்கவே பயப்படுகிற அந்தக் கிழவி தனியே எழும்பி வந்து அடுப்பை மூடி, யன்னலைத் திறந்து, பிறகுதான் அம்மாவின் தோளைத் தட்டியிருக்கிறா. ஒரு ஏச்சும் ஏசவில்லையாம். "கிளறா, உன்ரை முகம் கடதாசி மாதிரி இருக்குது" என்று மட்டும் சொன்னாவாம். அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்த அம்மா செருப்பைக் கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்று, "நான் அந்த மனிசியைக் கொல்லப் பாத்தன், எங்கை போகோணுமெண்டு சொல்லுங்கோ, வாறன்" என்றாள். அவள் அழுது நான் கண்டது குறைவு, அன்றைக்கு அழுதாள்.

டொத்தோரெஸ்ஸா லின் சீனாவில் பிறந்து, சின்னதிலேயே தாய் தகப்பனோடு இத்தாலிக்கு வந்து, இங்கேயே டாக்டருக்குப் படித்து, பிறகு சீனாவுக்குப் போய்த் தங்கள் வைத்தியத்தையும் படித்துக்கொண்டு வந்தவ. உன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். பலேர்மோக்காரர் மாதிரியே இழுத்து இழுத்து இத்தாலியன் கதைக்கிறா. நான் நினைத்தது போனவுடனே ஊசியை எடுப்பா என்று. அவ எடுக்கவில்லை. அம்மாவின் கையை ஒரு சின்னத் தலையணையில் வைத்து, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தா, பிறகு மற்றக் கை. நீட்டு நேரம் எடுத்தா. நாக்கை நீட்டச் சொன்னா. கையும் காலும் குளிருமா, வியர்க்குமா, படுத்தவுடன் நித்திரை வராதா அல்லது வந்து முறியுதா, கனவு காணுவியளா, என்ன சாப்பிடுவியள், சாப்பிட்ட பிறகு வயிறு பாரமா, எதை நினைத்தால் நெஞ்சு அடிக்குது என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. இவ்வளவு கேள்வியையும் ஒருவர் அவசரப்படாமல் இருந்து அம்மாவிடம் கேட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை, நானும் கேட்டதில்லை. அம்மா முதலில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள், போகப் போகக் கதிரையில் சாய்ந்து கதைக்கத் தொடங்கினாள்.

மகள், அடுத்ததை எழுத அப்பாவுக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதுதான் முக்கியம். டொத்தோரெஸ்ஸா அம்மாவிடம் மாதத் தீட்டைப் பற்றிக் கேட்டா. அம்மா என்னைப் பார்த்தாள். நான் வெளியே நிற்கிறேன் என்று எழும்பினேன், "நில்லுங்கோ, நீங்களும் கேளுங்கோ" என்று அம்மாவே சொன்னாள். ஒரு வருசத்துக்கு மேலாக மாதத்தில் பாதி நாள் இரத்தம் போயிருக்கிறது. நிற்கப் போகிற வயதில் இப்படித்தான் இருக்கும் என்று தானே முடிவெடுத்துக்கொண்டு ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். வைத்தியருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. டொத்தோரெஸ்ஸா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேனையை வைத்தா. "நான் இண்டைக்கு ஊசி குத்தமாட்டன், மூலிகையும் தரமாட்டன். முதல்லை இரத்தம் சோதிக்கோணும், நாளைக்கே. உங்கடை குடும்ப வைத்தியருக்கு நான் எழுதித் தாறன்" என்றா. அம்மாவுக்கு ஏமாற்றம். நித்திரைக்கு வந்தவளுக்கு இரத்தமா என்று கேட்டாள். அதற்கு அவ, "எங்கடை வைத்தியத்திலை மனசு குடியிருக்கிற இடம் இரத்தமெண்டுதான் சொல்லுவினம். இரத்தம் குறைஞ்சா இரவிலை மனசுக்குத் தங்க இடமில்லாமல் அலையும். உங்கடை இத்தாலிய வைத்தியர் அதையே வேறை சொல்லிலை சொல்லுவார். ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தான் பாக்கிறம்" என்றா. இது உடம்புக்குள் உண்மையாகவே அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கையில் எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

சோதனை முடிவு வந்தவுடன் குடும்ப வைத்தியர் தானே எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார், ஒருவருக்காகவும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே இரத்தம் ஏற்றினார்கள். கருப்பையில் கட்டிகள், அதனால்தான் இவ்வளவு இரத்தப் போக்கு. சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள், எடுத்ததைச் சோதித்தும் பார்த்தார்கள், கெட்ட வருத்தம் ஒன்றும் இல்லை, இதை இரண்டு முறை வாசித்துக்கொள். நீ எடுத்தபோது அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கதைக்க ஏலாது என்று நான் சொன்னது அந்த நாட்களில்தான். அவள் படுக்கையில் கிடந்தபடி என்னிடம் சத்தியம் வாங்கி அப்படிச் சொல்லச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று உன்னோடு பனியைப் பற்றிக் கதைத்துவிட்டு உள்ளே போய் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். காலில் கொஞ்சமாவது சூடு வருகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு.

அந்த நேரம் இரவும் பகலும் சின்யோராவைப் பார்க்க அவவின் மகன் சல்வோ வடக்கே தொறினோ நகரத்தில் இருந்து வந்து நின்றார். பென்சன் எடுத்த ஆள், நல்ல உயரம், நல்ல உடுப்பு. ஒரு கிழமை கழித்து நான் அம்மாவின் சாமான்களை எடுக்கப் போனபோது கதவைத் திறந்தவரை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை, கண்ணுக்குக் கீழே கறுப்பு, தாடி வழிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, என் பெயரை இத்தாலியன் மாதிரி இழுத்து, "விமலோ, உன்ரை மனிசி இதை எப்பிடிச் செய்தவ?" என்று கேட்டார்.

இரத்தம் ஏறி, சத்திரசிகிச்சைக் காயமும் ஆறின பிறகு அம்மா படியில் நிற்காமல் ஏறினாள், உதட்டில் நிறம் வந்தது. ஆனால் நித்திரை வரவில்லை. திரும்ப டொத்தோரெஸ்ஸாவிடம் போனோம், இந்த முறை ஊசி குத்தினா. மயிரைப் போல மெல்லிய ஊசி, இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒன்று, மணிக்கட்டின் உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே. பயந்து கண்ணை இறுக்கியிருந்த அம்மா, "குத்திப்போட்டியளோ?" என்று கேட்டாள். பிறகு டொத்தோரெஸ்ஸா சாப்பாட்டைப் பற்றிச் சொன்னா. காலையில் வெறும் வயிற்றில் கோப்பி கூடாது, சூடாகக் கஞ்சி குடிக்கவேண்டும், அதில் சீனத்துச் சிவப்பு இலந்தைப்பழ வற்றலும் இஞ்சியும் போடலாம், குளிர்ந்த சாப்பாட்டையும் பச்சைச் சலாட்டையும் கொஞ்ச நாளைக்கு விடவேண்டும், மத்தியானத்துக்குப் பிறகு கோப்பி இல்லை, படுக்க முதல் சுடுதண்ணீரில் காலை வைத்திருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் தந்த இரும்புக் குளிசையை ஒரு நாளும் நிப்பாட்டக்கூடாது என்று சொன்னதும் அவதான். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். அப்போது டொத்தோரெஸ்ஸா, எப்போது திரும்ப இரவு வேலைக்குப் போகப் போறியள் என்று கேட்டா. வாற கிழமை என்றாள் அம்மா. அவ ஊசித் தட்டை மூடி வைத்தா. பிறகு, "கிளறா, இன்னொரு ஆளின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை காதைத் திறந்து வைச்சுக்கொண்டு படுக்கிறதுக்கு என்னட்டை ஊசி இல்லை" என்றா.

வீட்டுக்கு வரும் வழி முழுக்கச் சண்டை. இரவு வேலையை விட்டுவிடும் என்றேன் நான். அம்மாவோ, இரவுக்கு ஆள் இல்லை என்றால் சின்யோராவைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவார்கள், அங்கே அவ கூப்பிட ஒருவரும் வராவிட்டால் என்ன செய்வா, என்னை நம்பித்தானே இருக்கிறா என்றாள். அதிலும் நியாயம் இருந்தது. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் நித்திரையில்லாமல் சாகவேண்டுமா என்று கேட்க வந்தது, கேட்கவில்லை. அவள் சொன்ன கிழமை வந்தது, தலையணை உறையை மாற்றி, பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டாள், நானும் கூடப் போனேன்.

அங்கே போனால் சின்யோரா தன்னுடைய நல்ல நீலச் சட்டையை உடுத்து, முத்துத் தோடு போட்டுக்கொண்டு கூடத்தில் இருக்கிறா, பக்கத்தில் சல்வோ. அம்மா பையை வைக்க முதல், "அதை உள்ளை கொண்டுபோகாதை" என்றா. அம்மா பயந்துபோனாள், வேலையை நிறுத்தப் போகிறா என்று. சின்யோரா சொன்னது இதுதான்: "எனக்கு இரவிலை பயம், அதுதான் கூப்பிடுறனான், தண்ணி விடாய் எண்டு சொல்லுறது பொய். இரவிலை ஆர் வந்து லைட்டைப் போட்டாலும் எனக்கு அது போதும். பகலிலை கதைக்கிறதுக்குத்தான் நீ வேணும். நித்திரை இல்லாதவள் என்னோடை என்ன கதைப்பாய்?" இரவுக்கு ஒரு ஜோர்ஜியா நாட்டுப் பெண்ணை மகன் ஒழுங்கு செய்துவிட்டாராம், தான் சாகும் வரை தன்னை இந்த வீட்டை விட்டு ஒரு இடமும் கொண்டுபோகக்கூடாது என்று மகனிடம் வாக்கும் வாங்கிவிட்டாவாம். சல்வோ நிலத்தைப் பார்த்துச் சிரித்தார். அம்மா போய்ச் சின்யோராவின் மடியில் தலையை வைத்தாள். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு சல்வோ என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தச் சீன டொத்தோரெஸ்ஸாவின் நம்பர் தனக்கும் வேண்டும் என்று கேட்டார்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். வீட்டுக் கட்டிலில் படுத்தும் அம்மா பல கிழமைகள் திடுக்கிட்டு எழும்பி, "வாறன் சின்யோரா" என்று காலைக் கீழே வைத்தாள். உடம்பு பழகினதை மறக்க நாள் எடுக்கும், அவசரப்படுத்தாதேங்கோ என்று டொத்தோரெஸ்ஸா சொன்னா. கிழமைக்கு ஒரு முறை ஊசி, காலையில் கஞ்சி, காலுக்குச் சுடுதண்ணீர். கஞ்சி வைப்பது நான், சிரிக்காதே, அடிப்பிடிக்காமல் வைக்கப் பழகிவிட்டேன். விழிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஊசியால் குறைந்ததா, இரும்பாலா, வீட்டில் படுப்பதாலா என்று ஒரு நாள் டொத்தோரெஸ்ஸாவிடம் கேட்டேன். அவ சிரித்துவிட்டு, "ஒவ்வொண்டா நிப்பாட்டிப் பாத்தாத்தான் தெரியும், பாப்பமோ?" என்றா. வேண்டாம் தாயே என்று கும்பிட்டேன்.

நீயும் முந்தி ஒரு நாள், வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்றக் கூடத் தெம்பில்லாமல் கதிரையில் இருக்கிறேன் என்று பகிடியாகச் சொன்னாய். அம்மா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. தாயின் உடம்புதான் உனக்கும். களைப்பு என்று சொல்லி அதற்கு மேல் கோப்பி ஊற்றாதே, கட்டிலில் வைத்து போனைப் பார்க்காதே, மாதத்தில் உடம்பு வித்தியாசமாக இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் வாய் திறந்து சொல். அங்கேயும் சீன வைத்தியர் இருப்பார்கள், போவதென்றால் படித்து அனுமதி உள்ளவரிடம் போ, ஆனால் இரத்தத்தைச் சோதித்த பிறகு போ.

கடைசியாக நேற்றைய விசயம். நீ இரண்டு தரம் எடுத்தும் ஒருவரும் எடுக்கவில்லை என்று போனில் கோபமாக எழுதியிருந்தாய். பூசையால் வந்து, மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு, கொஞ்சம் சரியிறன் என்று அம்மா படுத்தாள். நான் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் வாய் திறந்து, கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், குறட்டை. கீழே தெருவில் பெடியள் பந்து அடிக்கிறார்கள், மோட்டார் சைக்கிள் போகுது, அவள் அசையவில்லை. அப்போதுதான் உன் படம் போனில் வந்தது. சத்தத்தை அமத்திவிட்டுக் கதவடியில் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பவும் எடுத்தாய். வெளியே போய்க் கதைத்தால் கதவு சத்தம் போடும் என்று அப்படியே நின்றேன். மாலை மணி அடிக்கும்போது அம்மா கண்ணைத் திறந்து, போன் வந்ததோ என்று கேட்டாள். பிள்ளை எடுத்தவள், உம்மை எழுப்பவில்லை என்றேன். உனக்குத் தெரியும், உன் அழைப்பு என்றால் அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு ஓடி வருகிறவள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். "நல்லது செய்தியள்" என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பித் திரும்பவும் நித்திரையாகிவிட்டாள்.

ஆண்டவரும் மாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கவேண்டும், உன் வேலையும் உன் நித்திரையும் நிறைவாக இருக்கவேண்டும் என்று உன் தலையில் கை வைத்த மாதிரி நினைத்து நெற்றியில் சிலுவை போடுகிறோம். இரத்தச் சோதனையை இந்தக் கிழமையே செய், முடிவை எனக்கு அனுப்பாதே, அம்மாவுக்கு அனுப்பு, அவள் பார்த்துக்கொள்வாள்.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா
விமலராஜ்